வீட்டு இணையம் எந்த இடத்தில் மந்தமாகிறது? கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் இணையம் இழுத்து இழுத்து வந்தால் சிங்கப்பூரில் நம்மில் பலர் முதலில் செய்வது, இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறுவதுதான். 1 ஜிபிபிஎஸ் போதவில்லை என்று 3, அதுவும் போதவில்லை என்று 10. ஆனால் கடைசிப் படுக்கையறையில் பிள்ளையின் ஜூம் வகுப்பு அதே இடத்தில்தான் உறைந்து நிற்கும். 24 மாத ஒப்பந்தம் மட்டும் புதிதாகத் தொடங்கியிருக்கும்.

இந்த நாட்டில் வாசல்வரை வரும் ஃபைபரில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. 2010ல் சேவைக்கு வந்த தேசிய பிராட்பேண்ட் கட்டமைப்பு இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளையும் எட்டியிருக்கிறது. நீங்கள் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, மைரிபப்ளிக், வியூகுவெஸ்ட் என்று எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும், வீட்டுக்குள் நுழையும் அந்தக் கண்ணாடி இழை பொதுவாக நெட்லிங்க் நிறுவனத்துடையது. அதனால் நிறுவனத்தை மாற்றினால் மாறுவது இழை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் அவர்களுடைய நெட்வொர்க். அதுவும் வீட்டுக்குள் இருக்கும் கோளாறைத் தொடாது.

எனவே முதலில் கோளாறு எந்தத் துண்டில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் நெட்வொர்க், சுவரில் இருக்கும் ஃபைபர் பாயின்ட், இழையில் வரும் ஒளியை கேபிளுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் ஓஎன்டி என்ற சிறு பெட்டி, அதிலிருந்து ரௌட்டருக்குப் போகும் கேபிள், ரௌட்டர், வைஃபை, கடைசியில் உங்கள் கருவி. எந்த இடத்தில் வேகம் விழுகிறது என்று தெரிந்த பிறகே பணத்தை எடுங்கள். கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான், தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

திட்டத்தில் எழுதியிருப்பது நொடிக்கு இத்தனை மெகாபிட், அதாவது எம்பிபிஎஸ்; 1,000 எம்பிபிஎஸ் சேர்ந்தது 1 ஜிபிபிஎஸ். கோப்பு இறக்கும்போது கணினி காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். 500 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு விளையாட்டு நொடிக்கு 60 மெகாபைட் அளவில் இறங்கினால் எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று பொருள்.

1 ஜிபிபிஎஸ் திட்டத்தில் கேபிள் வழியாக நல்ல நிலையில் கிடைப்பது 940 எம்பிபிஎஸ் வரைதான். மீதி, தரவைப் பொதிந்து அனுப்பும் முறைக்கே செலவாகிவிடும். அதை யாரும் மீட்க முடியாது.

அப்புறம், உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் பார்க்க அந்த நிறுவனமே சொல்லும் அளவு 15 எம்பிபிஎஸ். ஒரு வீடியோ அழைப்புக்குச் சில எம்பிபிஎஸ் போதும். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்த்தாலும் 100ஐத் தாண்டுவது அரிது. 1,000 வாங்கியும் படம் நிற்கிறது என்றால், திட்டத்தின் அளவு அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

படி 2: கேபிள் போட்டு அளந்து பாருங்கள்

இந்தப் படியைச் செய்யாமல் மற்ற எதையும் செய்வதில் அர்த்தமில்லை. கைப்பேசியில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அதை நிறுவனத்திடம் காட்டுவதால் பயனில்லை. கைப்பேசி அளப்பது வைஃபையை.

ஒரு மடிக்கணினியை ரௌட்டரின் லேன் போர்ட்டில் நேராகக் கேபிளால் இணையுங்கள். மடிக்கணினியில் வைஃபையை அணைத்துவிடுங்கள். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வீட்டில் மற்றவர்கள் பெரிதாக எதுவும் இறக்காத நேரமாகப் பார்த்து, ஊக்லா ஸ்பீட்டெஸ்டில் சிங்கப்பூர் சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். உங்கள் நிறுவனத்தின் சொந்த சர்வரில் ஒருமுறை, வேறு நிறுவனத்தின் சர்வரில் ஒருமுறை. முதலாவது நன்றாக வந்து இரண்டாவது மட்டும் தாழ்ந்தால், உங்கள் நிறுவனம் வெளியுலகத்தோடு இணையும் இடத்தில் நெரிசல் இருக்கலாம். காலையிலும் இரவு ஒன்பது, பத்து மணிவாக்கிலும் எடுத்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

இந்த அளவையில் சில எண்கள் தாமாகவே பேசும். 93, 94 எம்பிபிஎஸ் என்று அசையாமல் நிற்கிறதா? உங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிட்டது. லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்; ஒன்று அறுந்தாலும் பல கருவிகள் நான்கு கம்பியிலேயே ஓடும் 100க்குத் தாழ்ந்துகொள்ளும். இணையம் நிற்காததால் யாருக்கும் சந்தேகம் வராது. கதவிடுக்கில் நசுங்கிய கேபிள், கிளிப் உடைந்து தளர்ந்த முனை, பழைய பெட்டியிலிருந்து எடுத்த தட்டைக் கேபிள், இவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள். ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குட்டிக் கேபிளை மறக்காதீர்கள். அது ஒன்று பழுதானால் வீடு முழுவதற்கும் 94தான். கேட்5இ என்று அச்சிட்ட கேபிள் ஜிகாபிட்டுக்குப் போதும், கேட்6 வாங்கினால் இன்னும் நிம்மதி. சில வெள்ளிக்குள் முடிகிற வேலை இது.

300 எம்பிபிஎஸ் பக்கத்தில் முட்டி நிற்கிறதா? மடிக்கணினியில் லேன் போர்ட் இல்லாமல் யுஎஸ்பி அடாப்டர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது யுஎஸ்பி 2.0 வகையாக இருந்தாலோ, பழைய யுஎஸ்பி போர்ட்டில் செருகியிருந்தாலோ அதற்கு மேல் போகாது.

3 அல்லது 10 ஜிபிபிஎஸ் திட்டம் எடுத்தும் 940ல் நிற்கிறதா? ஓஎன்டி, ரௌட்டருக்குள் இணையம் நுழையும் வான் (WAN) போர்ட், ரௌட்டரின் லேன் போர்ட், கேபிள், மடிக்கணினியின் போர்ட் ஆகிய ஐந்தில் ஒன்று 1 ஜிபிபிஎஸ்ஸாக இருந்தால் முடிவும் அதுவே. 2024ல் அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கி நாட்டின் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு உயர்த்தத் தொடங்கியது நல்ல செய்திதான். ஆனால் நம் வீட்டு மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றின் போர்ட் இன்னும் 1 ஜிபிபிஎஸ்தான்.

திட்டம் என்னவோ 1 ஜிபிபிஎஸ், கேபிளில் 900க்கு மேல் வருகிறது என்றால் நிறுவனம் தன் வேலையைச் செய்துவிட்டது. படி 4க்குப் போங்கள். புதுக் கேபிள் போட்டும், எல்லா நேரத்திலும் 200, 300தான் என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

படி 3: ஃபைபர் பக்கம்

ஓஎன்டியில் விளக்குகளைப் பாருங்கள். பான் என்ற விளக்கு நிலையாகப் பச்சையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் அல்லது அலாரம் என்று எழுதிய விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளி வந்து சேரவில்லை.

ஃபைபர் பாயின்ட்டிலிருந்து ஓஎன்டிக்குப் போகும் மெல்லிய வடத்தைக் கவனியுங்கள். சோபாவோ காலணி அலமாரியோ அதை மடக்கி அழுத்திக்கொண்டிருக்கும். கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்து சிக்னல் பலவீனமாகும்; முழுதாக உடையாமலே அடிக்கடி துண்டித்துத் துண்டித்து வரும். பெரிய வட்டமாகச் சுற்றி, மேலே எதுவும் ஏறாதபடி வையுங்கள். முனையைக் கழற்றி ஊதுவது, சட்டையில் துடைப்பது எல்லாம் வேண்டாம். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

பிறகு இரண்டு பெட்டிகளையும் அணைத்து, முதலில் ஓஎன்டியைப் போட்டு, அதன் விளக்குகள் நிலையான பிறகு ரௌட்டரைப் போடுங்கள். அப்போதும் சிவப்பு விளக்கு போகாவிட்டால் நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான். நெட்லிங்க்கை நீங்கள் தனியாகத் தேட வேண்டாம். யாரிடம் சேவை வாங்கினீர்களோ அவர்களிடம் சொன்னால் இழைக் கோளாறை அவர்கள் கொண்டுசெல்வார்கள்.

படி 4: ரௌட்டர் எங்கே இருக்கிறது?

சிங்கப்பூர் வீடுகளின் மிகப் பெரிய சிக்கல் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நம் வீடுகள் சிறியவை. ஆனால் சுவர்கள் கான்கிரீட். பலகைச் சுவர் வீடுகளை வைத்து ரௌட்டர் விற்கும் பெட்டியில் அச்சிடும் சதுரஅடிக் கணக்கு இங்கே செல்லாது.

1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாம் ஷெல்ட்டர் இருக்கிறது. கம்பிகள் நிறைந்த தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வைஃபை அலைக்கு இதைவிடப் பெரிய தடை வீட்டில் கிடையாது. ஆனால் பல வீடுகளில் கம்பிகள் கண்ணில் படக் கூடாது என்று ரௌட்டரை அதற்குள்ளேயே, அரிசி மூட்டைக்கும் தீபாவளிச் சாமான்களுக்கும் நடுவில் வைத்துவிடுகிறோம். அந்த அறைக்குள் ஃபைபர் பாயின்ட் இருந்தால் ஓஎன்டி அங்கேயே இருக்கட்டும். ரௌட்டரை மட்டும் நீளமான லேன் கேபிள் போட்டு வெளியே கொண்டுவாருங்கள். ஜிகாபிட் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் ஓடும், ஆகவே நீளத்துக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் ஷெல்ட்டர் சுவரை உடைத்து ஓட்டை போடாதீர்கள். அது குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளுக்கு உட்பட்ட பாதுகாப்பறை.

ஷெல்ட்டர் இல்லாத பழைய வீடுகளில் வேறு பழக்கம். ரௌட்டர் டிவிக்குப் பின்னால், மூடிய மரப்பெட்டிக்குள், தரையோடு தரையாக இருக்கும். டிவி என்பது ஒரு பெரிய உலோகத் தகடு. மீன்தொட்டி, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி, குளிர்பதனப் பெட்டி ஆகியவையும் அலையை விழுங்கும் அல்லது திருப்பும்.

நல்ல இடம் எது? வரவேற்பறையிலிருந்து அறைகளுக்குப் போகும் நடைவழியின் வாய்ப்பக்கம், நெஞ்சு உயரத்துக்கு மேல், திறந்தவெளியில். அங்கிருந்து பார்த்தால் எத்தனை அறைக் கதவுகள் கண்ணில் படுகின்றனவோ அத்தனை நல்லது; கதவு மரம், சுவர் கான்கிரீட். அலை கதவு வழியே எளிதில் போகும். பார்வைக்கு அழகில்லை என்று வீட்டில் யாராவது சொல்லலாம். சுவரில் ஒரு திறந்த பலகை அடித்து அதில் வைத்துவிட்டால் சமாதானம் ஆகிவிடும்.

படி 5: அலைவரிசை, சேனல்

2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், மெதுவாக. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரில் சோர்ந்துபோகும். ஒரு புளோக்கில் மேலே கீழே பக்கத்தில் என்று எத்தனை வீடுகள்! எல்லார் ரௌட்டரும் 2.4ல் கத்திக்கொண்டிருக்கும். அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அதனால் மடிக்கணினி, கைப்பேசி, டிவி எல்லாவற்றையும் 5க்கு மாற்றுங்கள். ஸ்மார்ட் விளக்கு, வாசல் கேமரா போன்றவற்றை 2.4ல் விடுங்கள், பலவற்றுக்கு அது ஒன்றே தெரியும். ரௌட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்து, கைப்பேசி அடம்பிடித்து 2.4லேயே ஒட்டிக்கொண்டால், அமைப்புப் பக்கத்தில் 5க்கு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள்.

5ல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும். சேனல் 36 முதல் 48 வரையும் 149க்கு மேலும் தொந்தரவில்லாதவை. இடையில் 52 முதல் 144 வரை உள்ளவை ராடார்களோடு பகிர்பவை. ராடார் சிக்னல் தென்பட்டால் ரௌட்டர் சட்டப்படி அந்தச் சேனலை விட்டு ஓட வேண்டும். “காரணமே இல்லாமல் ஒரு நிமிடம் வைஃபை காணாமல் போகிறது” என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

2023ல் இங்கே 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியையும் வைஃபைக்குத் திறந்துவிட்டார்கள். புது ரௌட்டரும் புதுக் கைப்பேசியும் இருந்தால் ஒரே அறைக்குள் அருமையாக ஓடும். சுவரைத் தாண்ட அதை நம்ப வேண்டாம்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை 6 கைப்பேசி ரௌட்டர் இருக்கும் அறையிலேயே 600, 700 எம்பிபிஎஸ் காட்டினால் அது நல்ல முடிவு. ஒரு கான்கிரீட் சுவர் தாண்டி 200 என்றால் வாழ்க்கை நடத்தப் போதும்.

பழைய கருவிகளின் விஷயம் ஒன்று உண்டு. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். உணவங்காடியில் ஒரே வரிசையில் முன்னால் நிற்பவர் பத்துப் பொட்டலம் கட்டச் சொன்னால் பின்னால் நிற்பவரின் ஒரே தேநீரும் காத்திருக்கத்தானே வேண்டும்? தூரத்து அறையிலிருந்து பலவீனமான சிக்னலில் படம் பார்க்கும் பழைய டேப்லட், எல்லோருடைய நேரத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. அசையாத பொருள்களான டிவி, கேமிங் பெட்டி, மேசைக் கணினி மூன்றையும் கேபிளுக்கு மாற்றினால் மற்ற அனைவருக்கும் வைஃபை தானாக இலகுவாகும். ஒரு வீட்டில் செய்யக்கூடிய மிக மலிவான மேம்பாடு இதுதான்.

படி 6: தடங்கல் வைஃபையிலா, வெளியிலா?

வேகம் நன்றாக இருக்கிறது, ஆனால் அழைப்பில் குரல் அறுந்து அறுந்து வருகிறது என்பது வேறு நோய். அதற்கு எளிய சோதனை உண்டு. சிக்கல் வரும் அறையில் மடிக்கணினியை வைத்து, கமாண்ட் பிராம்ப்டில், பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பிங் கட்டளையை உங்கள் ரௌட்டரின் முகவரிக்கு ஓட விடுங்கள்; பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொரு சாளரத்தில், வீட்டுக்கு வெளியே இணையத்தில் இருக்கும் பொது சர்வரான 1.1.1.1க்கு ஓட விடுங்கள்.

ரௌட்டருக்கே சில நேரம் 3 மில்லிநொடி, சில நேரம் 150, நடுவில் பதிலே இல்லை என்று வந்தால் கோளாறு அந்த அறையின் வைஃபையில். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அது தீராது. ரௌட்டருக்கு எப்போதும் சீராக வந்து, 1.1.1.1க்கு மட்டும் எகிறினால் வெளியே பாருங்கள். அதிலும் முதலில், வீட்டில் யாருடைய கைப்பேசியாவது புகைப்படங்களை மேலேற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேலேற்றும் பாதை நிரம்பினால் அழைப்புகள்தான் முதலில் திணறும்.

ஊருக்கு அழைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சிங்கப்பூரையும் சென்னையையும் இணைக்கும் ஐ2ஐ என்ற கடலடி வடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 6,400 கிலோமீட்டருக்கே 32 மில்லிநொடி ஆகிவிடும். ஆகவே சென்னைக்கு 40, 50 பிங் வந்தால் உங்கள் இணைப்பு மிக நன்றாக இருக்கிறது. இங்கே எல்லாம் சரியாக இருந்தும் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அந்தப் பக்கத்தில் அவர் எந்த இடத்தில் உட்கார்ந்து பேசுகிறார் என்று கேளுங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் ஜன்னல் பக்கம் வந்து பேசச் சொல்வது, இங்கே 10 ஜிபிபிஎஸ் வாங்குவதைவிடப் பலன் தரும்.

படி 7: மெஷ் வாங்குவதா?

மெஷ் என்பது வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள். படி 4, 5 செய்தும் ஓர் அறை மட்டும் எட்டவில்லை என்றால் வாங்கலாம். அதற்கு முன் சுவர்களைப் பாருங்கள். புதிய பிடிஓ வீடுகள் பலவற்றில் அறைகளிலேயே லேன் பாயின்ட் இருக்கிறது. அவை எங்கே வந்து சேர்கின்றன என்று தேடிப் பிடித்து, மெஷ் பெட்டிகளை அந்தக் கேபிள் வழியாக இணையுங்கள். கேபிளால் இணைந்த மலிவான மெஷ், காற்றில் இணைந்த விலை உயர்ந்த மெஷ்ஷை வென்றுவிடும். காற்றில் இணைக்கும்போது அதே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போகும்.

கேபிளுக்கு வழியே இல்லையென்றால், பெட்டிகளுக்கிடையே பேசத் தனி அலைவரிசை உள்ள டிரைபேண்ட் வகையை எடுங்கள். இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த அறைக்குள் வைக்காதீர்கள். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வையுங்கள். மூன்றறை, நான்கறை வீட்டுக்கு இரண்டு பெட்டி தாராளம். சிம் லிம் ஸ்குவேரில் மூன்று பெட்டித் தொகுப்பைக் காட்டினாலும் இரண்டே கேளுங்கள். நெருக்கமாக வைத்த மூன்று பெட்டிகள் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்யும்.

நிறுவனம் தந்த பெட்டியே ஓஎன்டியாகவும் ரௌட்டராகவும் இருந்தால், புது மெஷ்ஷை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் வையுங்கள், அல்லது பழையதை, ரௌட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள். இரண்டு ரௌட்டர்கள் ஒரே வேலையைச் செய்தால் விளையாட்டுகளும் அலுவலக விபிஎன்னும் முரண்டுபிடிக்கும். பழையதன் வைஃபையை அணைக்கவும் மறக்காதீர்கள்.

படி 8: சின்னச் சின்ன வேலைகள்

ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். பழைய டபிள்யூஇபி, டிகேஐபி முறைகளில் வைஃபை 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஓடாது, பாதுகாப்பும் இல்லை. பெற்றோர் கட்டுப்பாடு, எதற்கு முன்னுரிமை என்று பிரிக்கும் கியூஓஎஸ் போன்றவை சில ரௌட்டர்களின் செயலியைத் திணறடித்து வேகத்தைப் பாதியாக்கும். அணைத்து அளந்து பார்த்து, தேவையென்றால் திரும்பப் போடுங்கள். இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8க்கு மாற்றினால் பக்கங்கள் திறக்கத் தொடங்குவது சற்று விரைவாகலாம். பதிவிறக்க வேகம் அதனால் கூடாது.

படி 9: நிறுவனத்தை அழைப்பது

இந்த இடத்துக்கு வந்திருந்தால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். கேபிளில் எடுத்த அளவைகளின் படங்கள், தேதி, நேரம், எந்த சர்வர், ஓஎன்டி விளக்குகளின் படம். அழைத்ததும் “வைஃபை ஸ்லோ” என்று சொல்லாதீர்கள். ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். “ரௌட்டரிலிருந்து கேபிளில் அளந்தேன், காலையில் இவ்வளவு, இரவில் இவ்வளவு, கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்” என்று சொல்லுங்கள். ஓஎன்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களால் தங்கள் பக்கத்திலிருந்தே அதைப் பார்க்க முடியும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பர் வீட்டுக்கு வந்தால் கட்டணம் உண்டா, எந்தச் சூழ்நிலையில் உண்டு என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதியையும் அதே அழைப்பில் கேட்டு நாள்காட்டியில் குறியுங்கள். கேபிளில் எடுத்த அளவு எப்போதும் தாழ்ந்தே இருந்து, நிறுவனமும் தீர்க்காவிட்டால், அந்தத் தேதியில் தயங்காமல் மாறலாம். இழை அதேதான் என்பதால் பெரும்பாலும் புது வடம் இழுக்கும் வேலை இருக்காது. ஆனால் புதுச் சேவை ஓடத் தொடங்கி, அதையும் கேபிளில் அளந்து பார்த்த பிறகே பழையதை நிறுத்துங்கள்.